பிசகாத எண்ணிக்கை

ஜூன் 3, செவ்வாய்

இன்று துணி அறைக்கு வரவு 397 விரிப்பு, 210 தலையணை உறை. கிழிசல் ஆறு. கறை போகாதது நான்கு. எலும்பு வார்டு மூட்டையில் யாருடைய பல்செட்டோ வந்திருந்தது. காகிதத்தில் சுற்றி, வார்டு பெயர் எழுதித் திருப்பி அனுப்பினேன். சலவை மெஷின் ஓட்டுகிறவர், "பாவம் அக்கா, காலையிலேருந்து அந்த மனுஷன் யாரையும் திட்ட முடியாம தவிச்சிருப்பாரு" என்றார். சிரித்து முடிக்கவில்லை, மேட்ரன் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

மேட்ரன் எனக்குப் பதினைந்து வயது இளையவர். போனதும் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நல்ல சேதியாக இருந்தால் நிற்க வைத்தே சொல்லி முடித்துவிடுவார்கள்.

"அம்மா, அடுத்த மாசத்துலேருந்து துணி எண்ணிக்கை எல்லாம் கம்ப்யூட்டர்லதான். எக்செல். பதிவேடு இனிமே கிடையாது. ஆறு வாரம் வகுப்பு நடக்கும், தினமும் காலைல எட்டுலேருந்து பத்து வரைக்கும். கடைசில ஒரு பரீட்சை. பாஸ் பண்ணிட்டா நீங்களே இன்சார்ஜ்."

"பண்ணலேன்னா?"

"மடிப்பு மேசைக்கு மாத்திடுவோம். சம்பளம் குறையாது, அதுக்கு நான் பொறுப்பு."

சம்பளத்தைப் பற்றி நான் கேட்டேனா?

மடிப்பு மேசையிலிருந்து அந்த நாற்காலிக்கு வர எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து வருடம். இந்தப் பதினைந்து வருடத்தில் என் எண்ணிக்கை ஒரு உருப்படி பிசகியது கிடையாது. ஒரே ஒரு உருப்படி! டாக்டர்கள் பிசகியிருக்கிறார்கள், மருந்துக் கிடங்கு பிசகியிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பிசகவில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதை நின்றுகொண்டு மடிக்கவா?

ஜூன் 4, புதன்

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

மருமகள் நாள் முழுக்க இந்த எக்செல் கட்டங்களுக்குள்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இது கை வந்த கலை. கேட்டால் உடனே சொல்லித் தருவாள், அதுதான் தொல்லையே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, "அத்தை, இதையெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்பவள் அவள். நான் அவளிடம் கேட்கிறவளாக மாறுவதா?

பேத்தி பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியிருக்கிறாள்: என் பாட்டி ஆஸ்பத்திரியில் பெரிய ஆபீசர், அவர் சொன்னால்தான் துணி போகும். டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டிருக்கிறார். தெருவில் மூன்று வீட்டில் காட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

முதல் வகுப்பு. நாங்கள் ஆறு பேர். சமையலறை ஸ்டோர் பார்க்கிறவர், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இரண்டு பேர், கேட்டில் பதிவு எழுதுகிறவர், ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கு வைக்கிறவர், நான். நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுக்கிறவர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷர். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்கிறார். பத்து நிமிடத்தில் அவருக்கு மெதுவா சார் என்று பெயர் வைத்தாயிற்று.

ஸ்டோர்க்காரர் மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை கழுவிட்டுத் தொடணுமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். என் முறை வந்தபோது அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. மவுஸைத் தூக்கி அந்தரத்தில் அசைத்துப் பார்த்தேன். அப்போது ஸ்டோர்க்காரர் சிரித்தார்.

இரண்டு தடவை சேர்ந்தாற்போல் தட்ட வேண்டுமாம். "அம்மா, உங்க முதல் தட்டுக்கும் ரெண்டாவது தட்டுக்கும் நடுவுல ஒரு பஸ் போயிடும்" என்றார் மெதுவா சார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடானது.

ஜூன் 11, புதன்

ஒவ்வொரு கட்டத்துக்கும் விலாசம் உண்டு. மேலே ஆங்கில எழுத்து, பக்கத்தில் எண். மேலிருந்து கீழே இறங்குவது பத்தி, குறுக்கே ஓடுவது வரிசை. பி நாலு என்றால் பி பத்தியில் நாலாவது கட்டம். வார்டில் கட்டில் எண் மாதிரிதான். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மெதுவா சார் என்னைக் காட்டி, "பாருங்க, அம்மாவுக்கு வந்துடுச்சு" என்றார். டிரைவர்களுக்கு வரவில்லை.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

புதன்கிழமை பிடிபட்ட பாடம் இன்று வரவில்லை. எங்கே போனது?

ஜூன் 17, செவ்வாய்

மூக்கறுபட்டேன்.

எங்கள் அறையில் விரிப்பைப் பத்துப் பத்தாகக் கட்டுவோம். பத்து சேர்ந்தால் ஒரு கட்டு. மீதி உதிரி. நாலு கட்டு, ஐந்து உதிரி என்றால் பதிவேட்டில் 4-5 என்று எழுதுவோம், நாற்பத்தைந்து. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். இன்று அவரவர் வேலையைக் கட்டத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஒன்பது வார்டு பெயரையும் தமிழில் நானே அடித்தேன். குழந்தை வார்டுக்கு 4-5 போட்டேன். அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் 4-5ஐக் காணோம். ஏதோ ஆங்கில எழுத்து இருக்கிறது. அழித்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அதுவே. காய்ச்சல் வார்டுக்கும் அப்படி, கண் வார்டுக்கும் அப்படி. நான் விடவில்லை. என்னை ஏமாற்றுகிறாயா என்று மூன்று தடவை அடித்தேன்.

அந்த நேரம் பார்த்து மேட்ரன் வகுப்பைப் பார்க்க வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "குழந்தை வார்டுக்கு மே மாசம் நாலாம் தேதியா அம்மா?"

நடுவில் கோடு போட்டால் அது தேதி என்று எடுத்துக்கொள்ளுமாம். மெதுவா சார் விளக்கினார். ஆனால் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? அறை முழுக்கச் சிரிப்பு. கேட்டில் பதிவு எழுதுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பத்தைந்து விரிப்பை நானே எண்ணி, நானே கட்டி, நானே எழுதியிருக்கிறேன். அதற்கு அது தேதியாம்.

ஜூன் 18, புதன்

45 என்று போட வேண்டும். 4-5 கூடாது. சரி. மூளைக்குப் புரிந்துவிட்டது. விரலுக்குப் புரியவில்லை. எண்ணி முடித்ததும் அதுவாகக் கோட்டுக்குப் போகிறது. இன்று பதினொரு தடவை அழித்தேன். பதினைந்து வருடப் பழக்கத்தை எந்தப் பொத்தானைத் தட்டி அழிப்பது?

ஜூன் 22, ஞாயிறு

மருமகள் துவைக்கப் போடுவதற்காக என் நீலக் கோட்டை எடுத்திருக்கிறாள். பையில் வகுப்பில் அச்சடித்துக் கொடுத்த பயிற்சித் தாள். நான் கூடத்துக்கு வந்தபோது அதை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எக்செல் கத்துக்கறீங்களா? சொல்லவே இல்லையே! லேப்டாப் இருக்கு, வாங்களேன், ஒரு மணி நேரம் உக்காந்தா..."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"இல்ல அத்தை, சும்மா ஒரு..."

"தெரியும்னு சொல்றேன்ல. ஆஸ்பத்திரில என்னைத்தான் மத்தவங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லியிருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு அதுவாகப் புரண்டது. அவள் தாளை மடித்து, மடிப்புக் கலையாமல் என்னிடம் நீட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மகன் தலையை நிமிர்த்தி, "அம்மா, சூப்பர்மா" என்றான். பேத்தி வாசல் பக்கம் ஓடிவிட்டாள், எதிர் வீட்டில் சொல்ல.

ஜூன் 26, வியாழன்

கூட்டல் வந்துவிட்டது!

சமக்குறி போட்டு, ஒரு சின்னச் சொல் அடித்து, மேல் கட்டத்திலிருந்து கீழ்க் கட்டம் வரை என்று விலாசம் சொன்னால் தானே கூட்டிவிடுகிறது. 70, 45, 60, 40, 55, 50, 50, 12, 15. ஒன்பது வார்டு. என்டர் தட்டினேன். 397. கையால் கூட்டிப் பார்த்தேன். 397. இன்னொரு தடவை கீழிருந்து மேலே கூட்டினேன். 397.

மெதுவா சார், "அம்மா, மெஷினை நம்புங்க. நீங்களும் கூட்டினா அது எதுக்கு?" என்றார்.

அதுதானே. அது எதற்கு?

ஜூலை 1, செவ்வாய்

இன்று முதல் நேரடி நடைமுறை. முந்தின நாள் மதியம் எண்ணிக்கையை ஏற்றி, தாளை அச்சடித்துக் கதவில் ஒட்ட வேண்டும். மறுநாள் காலை அன்றைய கட்டுகளை வெளியே எடுத்து வைத்து, அறையைப் பூட்டிவிட்டு நான் வகுப்புக்குப் போய்விடுவேன். எட்டரைக்குத் தாளைப் பார்த்து மெஷின்காரர் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புவார். பரீட்சை வரைக்கும் இப்படி.

நான் பதிவேட்டையும் எழுதுகிறேன். இழுப்பறைக்குள் வைத்து எழுதுகிறேன், திருடி மாதிரி. முதலில் பதிவேடு, பிறகு கட்டம், பிறகு இரண்டையும் ஒப்பிடுவது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமில்லை. ஆனால் சரியாக வருகிறது.

ஜூலை 4, வெள்ளி

மேட்ரன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பழசைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா புதுசு வராதும்மா. உங்க நல்லதுக்குத்தான்." அன்பாகத்தான் சொன்னார். பதிவேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 5, சனி

எழுத ஒன்றுமில்லை. இழுப்பறையை நாலு தடவை திறந்து பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நல்ல நாள். அபூர்வம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

வார்டு பெயர்களை நான் தள்ளுவண்டி போகும் வழிப்படி போட்டிருந்தேன். முதலில் பிரசவம், பிறகு குழந்தை, அறுவை, இப்படி. நேற்று மேட்ரன், "அகர வரிசையில இருந்தா எனக்குத் தேட சுலபமா இருக்கும்மா" என்றார். இன்று காலை வகுப்பில் வரிசைப்படுத்துவதுதான் பாடம். பெயர்களைப் பிடித்து ஒரு பொத்தானைத் தட்டினால் அகர வரிசையில் வந்து நின்றுவிடும்.

மதியம் எண்ணிக்கையை ஏற்றிவிட்டு நானே செய்து பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை. பெயர்களை மேலிருந்து கீழே பிடித்தேன், பொத்தானைத் தட்டினேன். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. இரண்டு புள்ளி, இரண்டு வாக்கியம். எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், அர்த்தம் வரவில்லை. வகுப்பில் மெதுவா சார் எதையோ தட்டிவிட்டுப் போனாரே, மேலா கீழா? கீழே உள்ளதைத் தட்டினேன். பெட்டி போய்விட்டது. அறுவை, ஆண்கள், எலும்பு, கண் என்று பெயர்கள் வந்து நின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. மொத்தத்தைப் பார்த்தேன். 397. மாறவில்லை. கையாலும் கூட்டினேன். சரி.

அச்சடித்து ஒட்டினேன். மேட்ரன் போகிற போக்கில் பார்த்து, "அட! சுத்தமா இருக்கேம்மா" என்றார். மடிப்பு மேசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 9, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் அது என்ன குறிப்பு.

பத்து மணி ஆகப்போகிறது, வகுப்பு இன்னும் முடியவில்லை. பிரசவ வார்டு உதவியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்குகிறது. "துணி அறைச் சாவி யார்கிட்ட? எவ்வளவு நேரமா தேடறது? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறீங்க!"

சாவி என் கோட்டுப் பையில். என்னைத் தவிர யார் கையிலும் அது போகாது, நான் வைத்த சட்டம். போன் அலமாரியில். வகுப்பின் சட்டம்.

ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன்.

பிரசவ வார்டுக்குப் போக வேண்டியது எழுபது விரிப்பு. போனது பன்னிரண்டு. கண் வார்டுக்குப் போக வேண்டியது பன்னிரண்டு. அங்கே நாற்பது விரிப்பு பிரிக்காமல் கிடக்கிறது. காலை ஒன்பதரைக்குள் நாலு பிரசவம். பன்னிரண்டும் தீர்ந்துபோய், ஐந்தாவது பெண் வெறும் ரெக்சின் மெத்தைமேல் படுத்துப் பெற்றிருக்கிறாள். குழந்தையைச் சுற்ற ஒன்றும் இல்லாமல் ஒரு நர்ஸ் தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றியிருக்கிறாள். குழந்தை உடம்பு ஜில்லிட்டுப் போய், சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் சாவியைத் தேடியிருக்கிறார்கள். அரை மணி நேரம் நான் எழுத்துக்கு நிறம் போடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

கண் வார்டிலிருந்து விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மெஷின்காரர் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஏத்தறப்ப பாக்கலையா? பிரசவ வார்டுக்கு என்னிக்காவது பன்னெண்டு விரிப்பு போயிருக்கா?"

"பாத்தேன் அக்கா."

"பாத்துட்டு?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க போட்ட தாளாச்சே அக்கா. நீங்க போட்டா அதுல ஏதாவது காரணம் இருக்கும்னு ஏத்திட்டேன்."

வேறு யார் போட்ட தாளாக இருந்திருந்தாலும் நிறுத்திக் கேட்டிருப்பார்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. எண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பிரசவத்துக்கு நேரே கண் வார்டின் பன்னிரண்டு. அறுவைக்கு நேரே பிரசவத்தின் எழுபது. ஒன்றுகூடத் தன் வீட்டில் இல்லை. ஆனால் மொத்தம் 397. அதை நான் எத்தனை தடவை கூட்டினாலும் 397தான் வரும். நான் சரியாகத்தான் கூட்டியிருக்கிறேன். ஐயோ, சரியாத்தானே கூட்டினேன்... ஒரு உருப்படி குறையலையே!

மேட்ரன் திட்டவில்லை. "மனுஷங்கதானேம்மா, விடுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். குழந்தை அவள் பக்கத்தில் இருந்தது. சூடு வந்துவிட்டதாம். பெண் குழந்தை. உள்ளங்கை அகலத்துக்கு முகம்.

கட்டிலருகே அவள் மாமியார். என் வயதுதான் இருக்கும். என் நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பேச ஆரம்பித்தார். "பேருதான் ஆஸ்பத்திரி. பிள்ளைய சுத்த ஒரு துணி இல்ல. இதுக்குப் பொறுப்பா ஒரு ஆளு இருக்கும்ல? அந்த ஆளு வீட்ல குழந்தையே பொறந்ததில்லையா?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அறுபதைத் தொடப்போகிறேன். யாருக்கும் பதில் சொல்லாமல் திரும்பியது இதுவே முதல் தடவை. நாலு விரிப்பைக் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மருமகளிடம் கேட்டேன்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும். நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எனக்குத்தான் சொல்லித்தருகிறார்கள் என்பதையும். அவள் ஒரு செருப்போடு அப்படியே கேட்டாள். பிறகு லேப்டாப்பை எடுத்து வந்து, வார்டு பெயர்களையும் எண்களையும் போட்டு, அதே பொத்தானைத் தட்டினாள். அதே பெட்டி வந்தது.

"இதுதானே அத்தை?"

"இதுதான். என்ன கேக்குது?"

"பக்கத்துப் பத்தியையும் சேத்து மாத்தவா, இல்ல இதை மட்டும் மாத்தினா போதுமான்னு கேக்குது. நீங்க இதை மட்டும்னு சொல்லிட்டீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

யாராவது வாயால் கேட்டிருந்தால் என் பேத்திகூடச் சரியாகப் பதில் சொல்லியிருப்பாள்.

"அன்னிக்கே என்கிட்ட வந்திருக்கலாமே அத்தை" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குரல் இறங்கித்தான் இருந்தது. என் கெட்டிக்காரத்தனம் யாரோ பெற்ற குழந்தையை அரை மணி நேரம் குளிரில் போட்டது.

ஒரு தாளை எடுத்து, அடிக்கடி வரும் பெட்டிகளை எழுதி, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது, எதைத் தட்ட வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தாள். எட்டுப் பெட்டி.

"மொத்தம் எத்தனை பெட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அது சொல்ல முடியாது அத்தை. எனக்கே சில சமயம் புதுசா ஒண்ணு வரும்."

ஜூலை 14, திங்கள்

என்டரைத் தட்டக் கை வரவில்லை. மெதுவா சார் பக்கத்தில் வந்து நின்றார். இன்று மெதுவா என்று அவர் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பரீட்சை. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. ஆறு பேரில் நான்தான் முதல். ஸ்டோர்க்காரர் இருபத்தெட்டு, "பெரியம்மா, என் பேப்பரையும் நீங்களே எழுதியிருக்கலாம்" என்றார். வரிசைப்படுத்தும் கேள்வி ஒன்று வந்தது. பெட்டி வந்ததும் மேல் புள்ளியைத் தட்டினேன். பெயரும் எண்ணும் சேர்ந்தே நகர்ந்தன.

இவ்வளவு சுலபம்.

மேட்ரன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலி எனக்குத்தான்.

ஜூலை 20, ஞாயிறு

மகன் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்திருக்கிறான். எங்கே மாட்டுவது என்று அவனும் பேத்தியும் சண்டை போட்டார்கள். கூடத்தில் மாட்டினார்கள். மருமகள் மட்டும், "அத்தை, உங்களுக்குச் சரின்னா மாட்டலாம். இல்லேன்னா உங்க ரூம்ல வெச்சுக்கோங்க" என்றாள். இருக்கட்டும் என்றேன். குழந்தை ஆசைப்படுகிறாள்.

அதில் என் பெயரைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் படிக்கும்போது வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வகுப்பு முடிந்துவிட்டதால் இப்போது காலையில் நான் அறையிலேயே இருக்கிறேன். தள்ளுவண்டி நிரம்பியதும் மெஷின்காரர் அதைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரச் சத்தம் திருப்பத்தில் நின்றுவிட்டது. லிப்ட்டுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். லிப்ட் மணி அடித்தது. அவர் ஏறவில்லை.

எட்டிப் பார்த்தேன். என் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைகிறது. ஒரு கட்டைப் பிரித்து, உள்ளே பத்து இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். பிறகு, பிரித்தது தெரியாமல் முன்பு இருந்த மாதிரியே கட்டினார். பதினான்கு வருடம் என்னோடு வேலை பார்த்த மனுஷர். நான் கட்டும் முடிச்சு அவருக்குத் தெரியும்.

அவர் என்னைப் பார்ப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மேட்ரன் வந்தார். இந்தத் தடவை அவர் உட்காரவில்லை, என்னையும் உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா, பிரசவ வார்டுலேருந்து கேக்கறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒரு ரெண்டாவது ஆள் எண்ணிப் பாத்து அனுப்பினா அவங்களுக்கு ஒரு நிம்மதி. எல்லா வார்டுக்கும் சேத்தே வெச்சுடலாம்னு பாக்கறேன். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல" என்றேன்.

மெஷின்காரர் அந்தப் பக்கம் திரும்பி, ஓடாத மெஷினின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேட்ரன் போனதும், "அக்கா, நானா கேக்கல. செவ்வாய்க்கிழமை மேட்ரன்தான் கூப்பிட்டு..." என்றார்.

"எண்ணுங்க. ஒண்ணும் தப்பில்ல. நல்லா எண்ணுங்க."

சொல்லிவிட்டு அடுத்த கட்டைக் கட்டப் போனேன்.

ஜூலை 25, வெள்ளி

வரவு 402. கிழிசல் இரண்டு.

மேட்ரன் சொன்ன புதிய பத்தியைச் சேர்த்தேன். எண்ணிக்கைக்குப் பக்கத்துப் பத்தியின் தலையில் வலது பொத்தானைத் தட்டி, மூன்றாவது வரியோ நாலாவது வரியோ, அதைத் தட்ட வேண்டும். யாரிடமும் கேட்கவில்லை. மருமகள் எழுதிக் கொடுத்த தாளையும் எடுக்கவில்லை. காலியாக ஒரு பத்தி வந்து நின்றது. தலைப்பில் 'சரிபார்த்தவர்' என்று அடித்தேன். முதல் வார்டுக்கு நேரே மெஷின்காரர் பெயரை முழுதாக, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு அடித்தேன்.

ஒவ்வொன்றாக அடிக்க வேண்டாம். கட்டத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், கடைசி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்.

இழுத்தேன். ஒன்பது வார்டுக்கும் அவர் பெயர் வந்துவிட்டது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.